உதிர்ந்த புட்டு

காளவாசலில் தினம் இறங்குகிறவர்கள் அந்தப் பெயரைக் காதில் வாங்குவதில்லை. நடத்துநர் கூவுகிறார், இறங்குகிறோம், அவ்வளவுதான். தேனி ரோடும் பைபாஸ் ரோடும் வெட்டிக்கொள்ளும் முக்கு. 2020-இல் திறந்த மேம்பாலம் தலைக்கு மேலே போகிறது. கீழே ஷேர் ஆட்டோக்காரர் ஆரப்பாளையத்துக்கு ஆள் கூப்பிடுகிறார். இத்தனை சத்தத்துக்கு நடுவில் ஊர்ப்பெயர் மட்டும் தன் பழைய தொழிலைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. காளவாசல் என்றால் சூளை. அகராதியில் காளவாய். எங்கள் பக்கத்துப் பேச்சில் இன்றைக்கும் செங்கல் காளவாசல், சுண்ணாம்புக் காளவாசல் என்றுதான் சொல்வார்கள். ஊர் பெருகப் பெருகச் சூளை வெளியே தள்ளிப் போய்விட்டது. இப்போது இங்கே வேகிறவர்கள் மே மாதத்துச் சிக்னலில் ஹெல்மெட்டோடு நிற்கிற நாம்தான்.

வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டியபோது, கல் பார்க்க ஊருக்கு வெளியே ஒரு காளவாசலுக்குப் போயிருந்தேன். மண்ணைக் குழைத்து ஊறவிட்டு, மிதித்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்த பச்சைக் கல்லை, விறகுக்கு வாய் விட்டு அடுக்கி, மேலே மண் பூசி மூடி வைத்திருந்தார்கள். தீ மூட்டியாகிவிட்டது. பக்கத்தில் நிற்க முடியவில்லை. எத்தனை நாளில் கல் கிடைக்கும் என்று அவசரப்பட்டுக் கேட்டேன். சூளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “தீ வைக்கிறது நம்ம வேல தம்பி. வேகுறது கல்லோட வேல. வெந்தாலும் ஒடனே பிரிக்க முடியாது, ஆறணும். சூட்டோட பிரிச்சா வெடிச்சுரும்.” அப்புறம் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கற்களைக் காட்டினார். தீவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது உருகிக் கோணியிருந்தது. ஓரத்தில் இருந்தது வெளிறிப் போய், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

தவம் என்ற சொல்லின் வேரில் இருப்பதும் சூடுதான். தபஸ் என்பதற்குக் காய்தல், கனலுதல் என்று பொருள். வள்ளுவர் தவம் அதிகாரத்தில் நெருப்பில் இட்ட பொன்னை உவமையாகக் காட்டுகிறார். ரொம்ப நாளாக எனக்கு அதில் ஒரு சின்னக் குறை உண்டு. பொன் ஏற்கெனவே பொன். நெருப்பு அதன் அழுக்கைத்தான் எடுக்கிறது. மண்ணின் சங்கதி வேறு. நேற்றுவரை தண்ணீர் பட்டால் கரைந்து போயிருக்கும்; சூளையிலிருந்து வந்த பிறகு அதே தண்ணீரைக் குடித்துவிட்டுக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். மண்ணுக்குள் கல் ஒளிந்திருந்தது என்று சொல்ல முடியாது. நான் பொன் வகை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை என்பதால் சூளைப் பக்கமே என் சார்பு.

காளவாசலிலிருந்து மேற்கே பஸ் பிடித்தால், பத்து கிலோமீட்டருக்குள் கீழக்குயில்குடி. சமண மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், குதிரைகளோடு கருப்பசாமி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை குறைய ஏறுகிறவர்கள். அதுவும் ஒரு நோன்புதான். செட்டிப்புடவில் பாறைக்குள் அமர்ந்திருக்கிற தீர்த்தங்கரர், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்கள், அடியில் வட்டெழுத்து. இதே மலைத்தொடரின் மறுபக்கம் முத்துப்பட்டிக் குகைத்தளத்தில் கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமி எழுத்துகள். அவற்றுக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு வயது.

சமணர் என்ற பெயர் எதிலிருந்து வந்தது? சிரமணர். சிரமப்படுகிறவர். உழைத்துக் களைக்கிறவர் என்று அதற்கு அர்த்தம். அருகர், தீர்த்தங்கரர் என்ற பெரிய பெயரெல்லாம் இருக்க, அந்தத் துறவிகள் தங்களுக்கு வைத்துக்கொண்டது கிட்டத்தட்ட கூலிக்காரன் பெயர். யாகம் வளர்த்து, தட்சிணை கொடுத்து, இன்னொருவரை வைத்து மேலுலகம் வாங்குகிற வழி ஒருபுறம் இருந்த காலத்தில், ‘என் பாட்டை நானே படுகிறேன்’ என்று கிளம்பியவர்கள். அதே சொல்தான் மதுரை வீடுகளில் விருந்தாளி கிளம்பும்போது வாசலில் வந்து நிற்கிறது: “உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்.”

முத்துப்பட்டியில் ஒரு மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் படுக்கையில் கால் நீட்டிப் பார்த்தேன். (செய்யக் கூடாது; தொல்லியல் துறையின் பலகை வாசலிலேயே கண்டிப்பாகச் சொல்கிறது.) தலைமாட்டில் கல்லையே கொஞ்சம் மேடாக விட்டிருந்தார்கள், தலையணைபோல. கடும் நோன்பு நோற்கிறவனுக்கு எதற்குத் தலையணை என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று தோன்றிற்று. இந்தக் கல்லை வழவழப்பாக்கியது படுத்த துறவி இல்லையே. மதுரையைச் சுற்றியிருக்கும் குகைகளில் செய்வித்தவர்களின் பெயர்கள் உண்டு. மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் பெயர். அழகர்மலையில் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன் என்று கடைத்தெருவே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது. உளி பிடித்த கைக்குப் பெயர் அநேகமாக இல்லை. துறவியின் சிரமத்துக்குக் கீழே இன்னொருவரின் சிரமம் படுக்கையாகக் கிடக்கிறது. ஆன்மிக முயற்சி பற்றிப் பேசுகிற நூல்கள் இந்தக் கீழ்த்தளத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்தக் குகைகளில் சில ஆசீவகர்களுடையவை என்று வாதிடுகிற அறிஞர்களும் உண்டு. தொல்லியல் தீர்ப்பு எனக்கு எட்டாது. என்னை இழுப்பது ஆசீவகரின் விநோதம். அவர்களின் ஆசான் மற்கலி, முயற்சி என்று ஒன்று கிடையாது என்றவர். எல்லாம் ஊழ். நூற்கண்டை உருட்டிவிட்டால் நூல் தீரும்வரை உருண்டுதானே நிற்கும். அதுபோல அறிவாளியும் மூடனும் 84 லட்சம் பெருங்கற்பங்கள் உருண்டு தீர்ந்த பிறகுதான் துன்பம் முடியும் என்று அவர் சொன்னதாகப் பௌத்த நூல் பதிந்து வைத்திருக்கிறது. எதிராளி எழுதிய குறிப்பு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் அதே எதிராளிகள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார்கள்: ஆசீவகர்கள் மிகக் கடுமையான நோன்பிகள். முயற்சியால் பயனில்லை என்று நம்பியவர்கள் எதற்காக உடம்பை அப்படி வாட்டினார்கள்? முன்பு இதை முரண் என்று நினைத்தேன். பலன் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் ஒருவர் செய்கிற காரியம் இருக்கிறதே, அதில் பேரம் இல்லை. இப்போதெல்லாம் மற்கலியின் சீடர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஏனென்றால் நம் முயற்சி எல்லாமே பேரத்தில்தான் தொடங்குகிறது. நானும் ஒருமுறை பத்து நாள் மவுன வகுப்பு ஒன்றுக்குப் போனவன்தான். நான்கு மணிக்கு எழுந்தேன், முட்டி வலிக்க உட்கார்ந்தேன், பதினோராம் நாள் வீட்டுக்கு வந்து, மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்ததற்காக மனைவியிடம் கத்தினேன். “பத்து நாளா சேத்து வச்சதா இது?” என்றாள். பதில் இல்லை. பத்து நாளுக்கு இவ்வளவு அமைதி என்று மனத்தில் நானே ஒரு கூலி நிர்ணயம் செய்திருந்தேன். அது வந்து சேரவில்லை என்ற எரிச்சல்தான் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்தது.

கூலி என்ற சொல்லை வள்ளுவர் ஆள்வினையுடைமையில் போடுகிறார், 619-ஆம் குறள். தெய்வம் கைவிட்ட இடத்திலும் உடம்பு வருந்தியதற்கு உண்டான கூலியை உழைப்பு தந்துவிடும் என்பது அதன் பொருள். பள்ளிச் சுவரிலிருந்து போட்டித்தேர்வு மையம்வரை எழுதி வைத்திருக்கிறார்கள். காளவாசலிலிருந்து கிழக்கே நடந்தால் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிய இடம் வருகிறது. புட்டுத்தோப்பு. ஆரப்பாளையத்தை ஒட்டி, வைகையின் தென்கரையில். தெய்வமே கூலிக்கு வந்த இடம். (நூல்களில் பிட்டு, மதுரைக்காரர் வாயில் புட்டு. இனி ஊர் வழக்கே.)

கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் அமைச்சர் வாதவூரர் கோயில் கட்டிவிட்டார். நரிகள் பரிகளாகி மீண்டும் நரிகளாயின. அரசன் அவரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். ஆறு கோபித்துக் கரை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று கட்டளை. புட்டு அவித்து விற்கிற வந்திக் கிழவிக்கு நாதி இல்லை. மதுரைச் சிவனான சொக்கன் கூலியாளாக வந்தான். தலையில் சும்மாடு, தோளில் மண்வெட்டி, கையில் கூடை. கூலியாகப் புட்டு; அதுவும் உதிர்ந்தது மட்டும் போதும் என்று பேச்சு. அன்றைக்கு வந்தி அவித்ததெல்லாம் உதிர்ந்தது. வயிறாரத் தின்றான், மிச்சத்தை முந்தியில் கட்டிக்கொண்டான், ஆற்றில் குதித்து விளையாடினான், படுத்துத் தூங்கினான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது, அரசன் முதுகிலும். ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஆளைக் காணோம். கரை அடைந்துவிட்டது.

பரஞ்சோதியின் திருவிளையாடற் புராணத்தில் இது 61-ஆம் படலம். அதற்கும் வெகுமுன்பே அந்த வாதவூரரான மாணிக்கவாசகர் திருவம்மானையில் மண் சுமந்ததையும் கூலியையும் அடியையும் அந்த மேனியில் ஏறிய புண்ணையும் பாடிவிட்டார். யாருக்காக அந்த ஆறு பெருகியதோ அவரே சாட்சி. புராணத்தில் இரண்டு படலம் தள்ளி, 63-இல், சமணரைக் கழுவேற்றுகிறார்கள். கீழக்குயில்குடியில் உட்கார்ந்து வந்தவனுக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது கை கனக்கும். அது நடந்ததா இல்லையா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. எழுதவும் பாடவும் விழா எடுக்கவும் ஆசைப்பட்டார்கள் என்பதே போதுமான துக்கம்.

புட்டுக் கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் இதைச் சோம்பேறிக் கூலியாளின் கதையாகக் கேட்டுச் சிரித்தோம். வேலை செய்யாத வேலைக்காரன், ஒரே கூடையில் முடித்துவிட்டான். அருள் இருந்தால் முயற்சி எதற்கு என்று இதிலிருந்து நீதி எடுக்கிற உபன்யாசகர்களையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் கதையில் வந்தியைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள். விடியுமுன் மாவு இடித்து, சலித்து, ஆவியில் வைத்து, தினம் முதல் ஈட்டைச் சொக்கனுக்கு வைத்துவிட்டு விற்கப் போகிறவள். எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையில் உண்மையில் வேலை செய்தது அவள் ஒருத்திதான், அவளுக்கு அது தவம் என்று தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை. பிழைப்பு.

அவளிடமிருந்து அவன் எதை எடுத்துக்கொண்டான் என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. முழுப் புட்டை இல்லை. முழுப் புட்டுக்கு விலை உண்டு. அது கடைக்குப் போகும், அரிசி வெல்லமாகத் திரும்பி வரும். உதிர்ந்தது விலை போகாது. மாவின் பதம் தப்பியதோ ஆவி போதவில்லையோ, பிடிக்குள் நிற்காமல் போன பகுதி; அவள் உழைப்பில் வீணாய்ப் போனது. அதைத்தான் அவன் கூலி என்று கேட்டான். அன்றைக்கு எல்லாமே உதிர்ந்தது என்பதை வியாபாரி கண்ணால் பாருங்கள்: ஒரு நாள் முழு நட்டம். அடுப்படியில் நின்ற கிழவிக்கு அந்த நேரத்தில் அது திருவிளையாடலாகத் தெரிந்திருக்குமா, வயிறு எரிந்திருக்குமா? புராணம் அந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறது. நான் கடக்க முடியாமல் நிற்பது அங்கேதான்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று அரசன் கேட்டதற்குப் பழைய பெயர் வெட்டி. கூலியில்லாமல் அரசுக்குச் செய்து தீர வேண்டிய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக வருகிறது. அதே சொல் நாளடைவில் பயனில்லாத வேலைக்கும், பின்பு வேலையே இல்லாமல் திரிவதற்கும் ஆகிவிட்டது. “வெட்டியா சுத்துறான்” என்று பிள்ளையைத் திட்டும்போது சொக்கனையும் சேர்த்துத் திட்டுகிறோம். வெட்டிக்கு வந்து வெட்டியாகத் திரிந்தவன் அவன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உழைப்பே தவம், சிரமமே சாதனை என்று எழுதுவது என்னைப்போல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்குச் சுலபம். நான் கல் வாங்கிய சூளைகள் போன்றவற்றில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்தோடு அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒழிந்தது. இன்றும் சூளையிலிருந்து கொத்தடிமைகள் மீட்பு என்று செய்தித்தாளில் வருகிறது. அப்படிக் கல் அறுக்கிற ஒரு பெண் ஒரு நாளில் குனிந்து நிமிர்கிற தடவைகளில் நூறில் ஒரு பங்கு நான் உட்கார்ந்து ஜபித்ததில்லை. அவள் ஏன் ஞானியாகவில்லை என்று கேட்கிறவனுக்கு மனசாட்சி இல்லை என்று அர்த்தம். கூடையை இறக்கி வைக்க அவளுக்கு விடுதலை கிடையாது. சொக்கனுக்கு இருந்தது, நடுப்பகலில் மரத்தடியில் தூங்கினான். அவன்மேல் விழுந்த அடி ஊர் முழுக்கப் பட்டது. அவள்மேல் விழுகிற அடி அவள்மேல் மட்டும்தான் படுகிறது.

அப்பருக்கு அந்த விடுதலை இருந்தது. அவராக எடுத்துக்கொண்ட வேலை அது. தருமசேனர் என்ற பெயரோடு சமணத்தில், அதாவது சிரமணத்தில், பெரிய இடத்தில் இருந்தவர் சூலை நோயோடு அக்காளிடம் திரும்பி வருகிறார். திலகவதியார் திருவதிகைக் கோயிலில் கூட்டுவதும் மெழுகுவதுமாக இருந்தவர். அப்பர் கையின் உழவாரப் படையைப் பார்க்கும்போதெல்லாம் அதில் அக்காளின் துடைப்பத்தைத்தான் நான் பார்க்கிறேன். திருப்புகலூரில் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் வந்தபோது, பரல் கற்களோடு சேர்த்து உழவாரத்தாலேயே வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். புல்லோடு பொன்னும் குப்பை.

அதே அப்பர் கயிலைக்குக் கிளம்பினார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், பிறகு புரண்டார். உறுப்புகள் ஒன்றும் மிஞ்சாத இடத்தில், திரும்பிப் போ, இந்தக் குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழு என்று பதில் வந்தது. கயிலைக் காட்சி கிடைத்தது திருவையாற்றில், காவிரிக் கரையில். வடக்கே போன வழியெல்லாம் வீண். தேய்ந்து வழியில் உதிர்ந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், வந்தியின் கூடைக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. தர்க்கத்துக்கு ஒட்டாத பதில்தான்.

முயற்சியே தேவையில்லை என்பவர்கள் கடைசியாக எடுக்கிற சீட்டு ரமணர். அதுவும் எங்கள் ஊர்ச் சீட்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கர் தெருவில், 1896 ஜூலையில், மாடி அறையில் பதினாறு வயதுப் பையனுக்குச் சாவு பயம் வந்தது. செத்தவன்போல் படுத்துப் பார்த்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குரு இல்லை, பயிற்சி இல்லை, பரீட்சைக்குக்கூட ஒழுங்காகப் படித்த பையன் இல்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் இருந்தான். சரிதான். ஆனால் அவரிடம் வந்து கேட்டவர்களை முயற்சி வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பியதில்லை. விடாமல் செய் என்றுதான் சொன்னார். அவரோ விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடைய எதுவும் பாக்கியில்லாத ஒருவர் எதற்காகச் சிந்தின அரிசியைப் பொறுக்குகிறார்? மதுரையில் புட்டு உதிர்த்தவனின் ஊர்க்காரர் என்பது தவிர எனக்கு விளக்கம் தெரியாது.

போன ஆவணி மூலத்தில் புட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மீனாட்சியும் சொக்கரும் புறப்பட்டு வந்துவிடுவதால் பெரிய கோயில் நடை சாத்தியிருக்கும். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருவார். கூலியாளுக்குத் தங்கத்தில் மண்வெட்டி, தங்கத்தில் கூடை. தங்க மண்வெட்டியால் ஒரு பிடி மண் அள்ள முடியாது என்று பக்கத்தில் நின்ற கொத்தனார் ஒருவர் சிரித்தார். “முனை மடங்கிரும் சார்.” சிவாச்சாரியார் மண் சுமந்த லீலையை நடித்துக் காட்டினார். பிரம்படி விழுகிற இடத்தில் கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டி, அவளுக்கே வலித்ததுபோல், ‘ஸ்ஸ்’ என்றாள்.

கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வருவதற்குள் கையில் ஒரு தொன்னைப் புட்டு வந்து சேர்ந்தது. வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும். ஆரப்பாளையம் வழியாகக் காளவாசல்வரை தின்றுகொண்டே நடந்தேன். மேம்பாலத்துக்குக் கீழே வரும்போது தொன்னையில் உதிரி மட்டும் மிச்சம். கையால் அள்ள வரவில்லை. கவிழ்த்தால் சட்டையில் கொட்டும். விரல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஒவ்வொரு பருக்கையாக ஒற்றி எடுக்க ஆரம்பித்தேன். திருமங்கலம் பஸ் ஒன்று வந்து நின்று, போயிற்று.